மல்லி ஒன்றுக்கு வத்தல் எவ்வளவு? – குழம்புப் பொடியின் கதை

விருதுநகரைப் பற்றித் தென்மாவட்ட வியாபாரிகளிடம் ஒரு பேச்சு உண்டு. "அந்த ஊர்ல விளையிறது ஒண்ணுமில்ல, ஆனா எல்லாத்துக்கும் விலை அங்கதான்" என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் முழுப் பொய் இல்லை. தமிழ் நாளிதழ்களில் "விருதுநகர் மார்க்கெட் நிலவரம்" என்று ஒரு சின்னச் செய்தி வரும். கடலை எண்ணெய், பாமாயில், துவரை, உளுந்து, மல்லி, வத்தல் என்று வரிசையாக விலைகள் இருக்கும். பல ஊர் மளிகைக்கடைக்காரர்கள் முதலில் தேடிப் படிப்பது அந்தச் செய்தியைத்தான்.

வத்தலுக்கு இப்படி ஊருக்கே ஒரு விலை சொல்ல முடிகிறது. ஆனால் அந்த வத்தலை வாங்கிக்கொண்டு போய் அரைக்கிற குழம்புப் பொடிக்கு ஊருக்கே ஒரு கணக்கு சொல்ல முடியுமா? முடியாது. விருதுநகரிலேயே ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீட்டுப் பொடி ஒரே மாதிரி இருக்காது. ஒரு வீட்டில் மல்லி ஒரு பங்கு என்றால் வத்தலும் ஒரு பங்கு. பக்கத்து வீட்டில் வத்தல் அதில் பாதிதான். ஒரு வீட்டில் துவரம் பருப்பு கட்டாயம். இன்னொரு வீட்டில் பருப்பு என்றாலே "அது சாம்பார் பொடிங்க" என்பார்கள்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? வெறும் நாக்கு ருசி என்று விட்டுவிடலாம். ஆனால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் மண், ரயில், மின்சாரம், மார்க்கெட் எல்லாம் அந்தப் பொடி டப்பாவுக்குள் இருப்பது தெரியும்.

மிளகாய்க்கு முன்னால்

முதலில் ஒரு விஷயம். மிளகாய் நம் ஊர்ச் செடியே இல்லை. அதன் சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கா. 1492-ல் கொலம்பஸ் கரை இறங்கிய பிறகுதான் மற்ற கண்டங்களுக்கு அது தெரிய வந்தது. 1498-ல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். 1510-ல் கோவா போர்ச்சுகீசியர் கைக்குப் போனது. அவர்களுடைய கப்பல்களில்தான் மிளகாய் இந்தியாவுக்கு வந்தது.

அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி, சுக்கு இவைதான். சங்கத் தமிழில் "கறி" என்ற சொல்லுக்கே மிளகு என்று பொருள். புதிதாக வந்த காய்க்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தபோது, "மிளகு போல உறைக்கிற காய்" என்று பழைய பெயரிலேயே ஒரு வால் ஒட்டினார்கள். மிளகு + காய் = மிளகாய். வந்த விருந்தாளி வீட்டுக்காரர் பெயரையே எடுத்துக்கொண்ட கதை!

இதற்கு இன்றும் கண்ணெதிரே சாட்சி இருக்கிறது. திவசச் சமையலில் பல வீடுகளில் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். அழகர்கோயில் தோசையிலும் காஞ்சிபுரம் கோயில் இட்லியிலும் மிளகும் சுக்கும்தான் காரம். சடங்கு என்பது பழைய சமையலைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் மிளகாய்க்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

ஆனால் அன்றாட அடுப்படியில் மிளகாய் சீக்கிரமே ஜெயித்துவிட்டது. காரணம் ரொம்ப எளிது, விலை. மிளகு மலையில் விளையும் கொடி. மழையும் நிழலும் வேண்டும். கப்பல் ஏறும் சரக்கு என்பதால் விலையும் அதிகம். மிளகாய் அப்படியில்லை. கொல்லையில் நான்கு விதை தூவினாலும் வரும். மிளகு வாங்க முடியாதவர்களுக்கும் காரம் கிடைத்தது. மிளகாயை ஏழைகளின் மிளகு என்று சொன்னால் தப்பில்லை.

கரிசலும் வெயிலும்

இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985-ல்தான் பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முன் சாத்தூர், அருப்புக்கோட்டை, சிவகாசி, கமுதி, பரமக்குடி, முதுகுளத்தூர் எல்லாம் ஒரே மாவட்டம்தான். பெரிய ஆற்றுப் பாசனம் கிடையாது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலமும் கண்மாய்ப் பாசனமும்தான். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, தையிலிருந்து பழம் பறிக்க ஆரம்பித்தால் சித்திரை வரைக்கும் பறிப்பு இருக்கும். பறித்ததைக் களத்தில் பரப்பிவிட்டால் மீதி வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும்.

இந்த வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அந்தத் தொழில் இங்கே ஊன்றியதற்கு முக்கியமான காரணம் மழை குறைந்த, காய்ந்த காற்று. குச்சி மருந்து காய வேண்டும், ஒட்டிய காகிதம் காய வேண்டும். பின்னால் பட்டாசு வந்தது, லேபிள் அச்சடிக்க அச்சகங்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் அதே வெயில்தான் மூலதனம். வத்தலையும் தீப்பெட்டியையும் ஒரே சூரியன்தான் காயவைத்தது. விவசாயத்தைக் கைவிட்ட வானம் வியாபாரத்துக்குக் கைகொடுத்தது என்று சொல்லலாம்.

விருதுநகரின் அப்போதைய பெயர் விருதுபட்டி. 19-ம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் விருதுபட்டி, சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி ஆகிய ஊர்களில் பேட்டைகளை அமைத்தார்கள். மாட்டுவண்டியும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்க மதில் சூழ்ந்த இடம்தான் பேட்டை. விற்பனையாகும் சரக்கில் ஒரு சிறு பங்கை "மகமை" என்று பொதுக்காரியத்துக்கு எடுத்து வைத்தார்கள். அந்தப் பணத்தில் கிணறு, சத்திரம், பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. 1870-களில் மதுரை – தூத்துக்குடி ரயில் பாதை போட்டபோது விருதுபட்டி அந்தப் பாதையில் விழுந்தது. கரிசல் காட்டு வத்தலும் பருத்தியும் வண்டியில் வந்து ரயில் ஏறி, தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போக வழி பிறந்தது. 1923-ல் ஊருக்கு "விருதுநகர்" என்று பெயரும் மாறியது.

சரி, ஊர் வத்தல் மார்க்கெட் ஆனதற்கும் வீட்டுப் பொடிக்கும் என்ன தொடர்பு? மார்க்கெட் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ரகம் பார்த்து வாங்கலாம்.

குண்டா, சம்பாவா?

இந்தப் பக்கத்தில் இரண்டு ரகம்தான் பிரதானம். ஒன்று குண்டு வத்தல். உருண்டையாக, தடித்த தோலோடு, குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும். இன்னொன்று சம்பா. நீளமாக, மெல்லிய தோலோடு இருக்கும்.

குண்டு வத்தல் தாளிப்புக்கு, சம்பா அரைப்பதற்கு என்பது பல வீடுகளில் பொதுவான விதி. குண்டு வத்தலை எண்ணெயில் போட்டால் உப்பிக்கொண்டு ஒரு வாசனை வரும், அதற்கு ஈடு கிடையாது. சம்பாவில் உறைப்பு நேரடியாக இறங்கும். ஆனால் ராமநாதபுரம் பக்கம் போனால் அரைக்கவும் குண்டுதான் வேண்டும் என்பவர்கள் நிறையப் பேர். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதற்கு மேல் நிறப் பிரச்சினை வேறு. குழம்பு சிவப்பாக இருக்க வேண்டும், ஆனால் காரம் மண்டையைப் பிளக்கக் கூடாது என்பவர்கள் கர்நாடகத்தின் பியாடகி மிளகாயையோ, காஷ்மீர் மிளகாயையோ கொஞ்சம் கலப்பார்கள். பழைய ஆட்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. "நெறம் என்ன சாப்பாடா?" என்று கேட்டுவிடுவார்கள்.

காரத்தை அளக்க வழி உண்டு. 1912-ல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளுநர் ஒரு முறை கண்டுபிடித்தார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, உறைப்பு தெரியாமல் போகும்வரை நீர்க்க வைத்துக்கொண்டே போக வேண்டும். எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருந்ததோ அதுதான் காரத்தின் எண். வேடிக்கை என்னவென்றால், உறைக்கிறதா இல்லையா என்று சொன்னது கருவி இல்லை, மனிதர்களின் நாக்குதான். கருவி வைத்து அளப்பது பிற்பாடு வந்தது. நம் பாட்டிகள் ஒரு வத்தலைக் கிள்ளி நுனி நாக்கில் வைத்துப் பார்த்து, "இந்த வருஷம் கடுசா இருக்கு, காக்கிலோ கொறச்சுக்கோ" என்று சொல்வதும் அதே முறைதான்!

எழுதாத கணக்கு

விருதுநகர், மதுரைப் பக்கத்துக் குழம்புப் பொடியின் பொதுவான உருவம் இப்படி இருக்கும். வத்தல் ஒரு கிலோ என்றால் மல்லி ஒன்றரை முதல் இரண்டு கிலோ. சீரகம் 200 கிராம். மிளகு 100 கிராம். துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் தலா 100 கிராம். அரிசி ஒரு கைப்பிடி. வெந்தயம் 50 கிராம். விரலி மஞ்சள் 100 கிராம். கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. காரம் தூக்கலாக வேண்டும் என்பவர்கள் மல்லியைக் குறைத்து ஒன்றுக்கு ஒன்று என்று போவார்கள்.

இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மல்லிதான் குழம்புக்கு உடம்பு. அது குறைந்தால் குழம்பு தண்ணீராக நிற்கும். பருப்பும் அரிசியும் கெட்டிப்படுத்த. சீரகமும் மிளகும் வயிற்றுக்கு. வெந்தயம் புளிக்குழம்புக்கு மணம், ஆனால் கைதவறி அதிகமானால் ஒரு வருஷம் கசப்புதான். மீன் குழம்பு அதிகம் வைக்கிற வீட்டில் பருப்பு இருக்காது. கறி எடுக்கிற வீட்டில் சோம்பு தனியாக டப்பாவில் இருக்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் மிளகு கூடி வத்தல் குறையும். வீட்டில் ஆள் மாற மாறக் கணக்கும் மாறும்.

சண்டைகள் வேறு உண்டு. காம்பு கிள்ள வேண்டுமா, வேண்டாமா? கிள்ளினால் நிறம் நன்றாக இருக்கும் என்று ஒரு கட்சி. வறுப்பதா, வெயிலில் காயவைத்தால் போதுமா? வறுத்தால் மணம், ஆனால் சீக்கிரம் வாசனை போய்விடும் என்பார்கள். வெயில் என்றால் மூன்று நாள் மொட்டைமாடியில் காவல் இருக்க வேண்டும். வத்தலோடு ஒரு கை கல் உப்பு போடுவதா? போட்டால் பூச்சி வராது என்று ஒரு நம்பிக்கை.

அளவு சொல்வதிலும் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்து, 1960-களின் தொடக்கத்தில்தான் கிலோ கட்டாயமானது. அதற்கு முன் படி, ஆழாக்கு, வீசை. ஒரு வீசை என்றால் இன்றைய கணக்கில் சுமார் 1.4 கிலோ. படி என்பது எடை இல்லை, கொள்ளளவு. ஒரு படி மல்லியும் ஒரு படி வத்தலும் எடையில் ஒன்றாகவே இருக்காது. வத்தல் காற்றடைத்த சரக்கு, மல்லி கனம். "படிக்குப் படி" என்று பாட்டி சொன்னதைப் பேத்தி "கிலோவுக்குக் கிலோ" என்று புரிந்துகொண்டால் காரம் எங்கோ போய்விடும். ஒரே குடும்பத்தில் அக்காள் தங்கை வீட்டுப் பொடிகள் வேறு வேறாகப் போனதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஊருக்கு ஊர்

பெயரிலேயே வித்தியாசம் தொடங்கிவிடும். தெற்கே "வத்தல்". கொங்கு நாட்டில் "வரமிளகாய்". சென்னைப் பக்கம் "காய்ந்த மிளகாய்". வத்தல் என்று வடக்கே கேட்டால் சுண்டைக்காயா, மணத்தக்காளியா என்று கேட்பார்கள்.

கொங்குப் பக்கம் மல்லியின் கை ஓங்கியிருக்கும். ஈரோட்டு மஞ்சளும் தேங்காயும் சேர்ந்து குழம்பு சாந்தமாக இருக்கும். செட்டிநாட்டில் சோம்பு, பட்டை, கல்பாசி, மராட்டி மொக்கு என்று வாசனைச் சரக்குகள் சேரும். அதிலும் பல அயிட்டங்களை அன்றன்றைக்கு வறுத்து அரைப்பதுதான் அவர்கள் பெருமை. பர்மா, மலேயா என்று கடல் கடந்து வியாபாரம் செய்த சமூகத்தின் அடுப்படியில் இவ்வளவு சரக்குகள் இருப்பதில் ஆச்சரியமில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் சாம்பார் பொடி, ரசப் பொடி என்று இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். கன்னியாகுமரியில் தேங்காய் அரைத்து ஊற்றுவதே பிரதானம் என்பதால் வத்தல் பொடி, மல்லிப் பொடி என்று தனித்தனியாக வைத்துக்கொள்கிறவர்கள் அதிகம். திருநெல்வேலிச் சொதியில் பொடிக்கே வேலை இல்லை. பச்சை மிளகாயும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும்தான்.

கடலைத் தாண்டினால் யாழ்ப்பாணம். அங்கே "மிளகாய்த்தூள்" என்றாலே கலவைத் தூள்தான், வெறும் மிளகாய் அல்ல. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் நன்றாக வறுத்து இடிப்பார்கள். (நம் சோம்புதான் அங்கே பெருஞ்சீரகம், நம் வத்தல்தான் அங்கே செத்தல்.) வறுப்பு தூக்கலாக இருப்பதால் நிறமே கருஞ்சிவப்பாக இருக்கும்.

அங்கே இந்த மிளகாய்க்குப் பின்னால் ஒரு அரசியல் கதையும் உண்டு. 1970-ல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு வெளிநாட்டிலிருந்து மிளகாய், வெங்காயம் போன்றவை வருவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாண விவசாயிகள் கிணற்றுத் தண்ணீர் இறைத்துச் செம்மண்ணில் மிளகாயும் வெங்காயமும் போட்டு நல்ல காசு பார்த்தார்கள். 1977-ல் ஆட்சி மாறி, திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதி வெள்ளமாக வந்ததும் அந்த விவசாயிகளின் வருமானம் சரிந்தது. ஒரு நாட்டின் வர்த்தகக் கொள்கை என்பது பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி. அங்கே அது ஒரு தலைமுறையின் வீடு, கல்யாணம், படிப்பு எல்லாமாக இருந்தது.

டெக்சாஸில் ஒரு ஜெர்மன்காரர்

இந்தச் சண்டையெல்லாம் நமக்கு மட்டும்தான் என்று நினைத்தால் தப்பு. அமெரிக்காவில் "சில்லி" என்றால் ஒரு பதார்த்தம். மாட்டிறைச்சியை மிளகாய், சீரகத்தோடு வேகவைத்த கெட்டிக் குழம்பு. மிளகாயின் பெயரே குழம்பின் பெயர்! டெக்சாஸ்காரர்கள் அதில் பீன்ஸ் போட்டால் அது சில்லியே இல்லை என்பார்கள். சின்சினாட்டியில் 1922 முதல் மாசிடோனியக் குடியேறிகள் பட்டை வாசனையோடு அதைச் செய்து ஸ்பகெட்டி மேல் ஊற்றிக் கொடுத்தார்கள். டெக்சாஸ் மாநிலம் 1977-ல் சில்லியைத் தன் அதிகாரபூர்வ மாநில உணவாகவே அறிவித்துவிட்டது. மதுரைக்கும் ஈரோட்டுக்கும் நடக்கிற அதே வாக்குவாதம்தான், ஆனால் சட்டசபை வரைக்கும் போய்விட்டது.

நமக்கு முக்கியமானவர் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மன் குடியேறி. டெக்சாஸின் நியூ பிரவுன்ஃபெல்ஸ் ஊரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். மிளகாய் பருவத்தில்தான் கிடைக்கும், வருஷம் முழுவதும் சில்லி விற்க முடியவில்லை. 1890-களில் அவர் காய்ந்த மிளகாயைச் சீரகம் முதலியவற்றோடு அரைத்துப் பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தார். கடையில் கிடைக்கும் "சில்லி பவுடர்" பிறந்தது அப்படித்தான். பருவத்தில் கிடைப்பதைப் பொடியாக்கி வருஷம் முழுக்க வைத்துக்கொள்வது நம் வீடுகளும் செய்ததுதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அவர் ஒரு கணக்கைப் போட்டு அதை ஊருக்கெல்லாம் விற்றார். இங்கே ஒவ்வொரு வீடும் ஒரு கணக்கைப் போட்டு யாருக்கும் விற்கவில்லை.

மில்லிலிருந்து பாக்கெட்டுக்கு

முதலில் அம்மி, உரல், உலக்கை. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு அரைப்பது, மிஞ்சினால் சில வாரங்களுக்கு இடித்து வைப்பது. 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954 – 1963 காலத்தில் கிராமங்களுக்கு மின்சாரம் வேகமாகப் பரவியது. கரண்ட் வந்த ஊரில் மாவு மில்லும் வந்தது. ஒரு வருஷத்துக்கு வேண்டிய பொடியை ஒரே நாளில் அரைப்பது எளிதானது.

விருதுநகரில் பங்குனிப் பொங்கல் வரும் காலமும், புது வத்தல் மார்க்கெட்டுக்கு வரும் காலமும், வெயில் ஏறும் காலமும் கிட்டத்தட்ட ஒன்று. தூக்குவாளியும் சாக்குப் பையுமாக மில் வாசலில் வரிசை நிற்கும். முன்னால் அரைத்தவர் யார், என்ன அரைத்தார் என்று விசாரணை நடக்கும். கோதுமைக்குப் பின்னால் வத்தலைக் கொட்டச் சம்மதிக்க மாட்டார்கள். அரைத்த பொடி சூடாக இருக்கும்போதே டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கட்டிப்போகும் என்று வீட்டுக்கு வந்ததும் பேப்பரில் பரப்பி ஆறவிடுவார்கள். இந்த அறிவு எதுவும் எந்தப் புத்தகத்திலும் கற்றது இல்லை.

பிறகு பாக்கெட் வந்தது. 1975-ல் ஈரோட்டில் தொடங்கிய நிறுவனம்தான் சக்தி மசாலா ஆனது. 1995-ல் சென்னையில் ஆச்சி மசாலா வந்தது. பெயரைக் கவனித்தால் புரியும். "ஆச்சி" என்றால் வீட்டின் மூத்த பெண். கடைப் பொடியை நம்ப வைக்க, வீட்டுப் பொடியை அரைத்தவளின் பெயர்தான் தேவைப்பட்டது.

பாக்கெட்டைத் திட்டுவது சுலபம். ஆனால் நியாயமாகப் பார்க்க வேண்டும். வீட்டுப் பொடிக்கு விலை இல்லை என்பது உண்மை இல்லை. அந்த விலையைக் கொடுத்தது பெண்களின் உடம்பு. மூன்று கிலோ வத்தலுக்குக் காம்பு கிள்ளினால் அன்றைக்கு ராத்திரி கை எரிச்சலில் தூக்கம் வராது. எரிச்சல் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால்தான் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வார்கள். சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் பெண்ணுக்கு, மூன்று நாள் மாடியில் காவல் இருக்க நேரம் ஏது? பீஸ் ரேட் கூலியில் ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. காஸ்ட் அக்கவுண்டிங்கில் "வாய்ப்புச் செலவு" என்று படிப்பது இதைத்தான். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவளுக்குப் பாக்கெட்தான் மலிவு. பகலெல்லாம் மருந்து காய்கிற வெயிலில் வேலை. வீட்டு மாடியில் காய வேண்டிய வத்தலுக்கு அந்த வெயிலில் பங்கு இல்லை.

பாக்கெட்டின் மறுபக்கமும் இருக்கிறது. அரைத்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. செங்கல் தூளும் சாயமும் கலப்பது பழைய கதை. 2003-ல் இந்தியாவிலிருந்து போன மிளகாய்த்தூளில் சூடான் என்ற தொழிற்சாலைச் சாயம் இருப்பது பிரான்ஸில் தெரிய வந்தது. அதே வருஷம் ஐரோப்பிய ஒன்றியம், சோதனைச் சான்று இல்லாமல் மிளகாய்த்தூள் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு போட்டது. 2005 பிப்ரவரியில், அந்தச் சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சாஸில் சேர்ந்து, அந்த சாஸ் வேறு உணவுகளில் சேர்ந்து, பிரிட்டனில் நூற்றுக்கணக்கான பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். ஒரு கலப்படக்காரர் செய்த வேலைக்கு, களத்தில் காயவைத்த விவசாயியும் ஒழுங்காக வியாபாரம் செய்தவரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இந்தியாவில் 2006-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் வந்தது. பெரிய கம்பெனிகள் இன்று சோதனைக்கூடம் வைத்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுப் பொடிக்குச் சோதனைக்கூடம் கிடையாது. ஆனால் வத்தலை வாங்கியவரும் அரைத்தவரும் சாப்பிட்டவரும் ஒரே ஆள் என்பதால் ஏமாற்ற ஆள் இல்லை.

சராசரி நாக்கு

வணிகவியலில் "தரப்படுத்துதல்" என்று ஒரு பாடம் வரும். ஒரே அளவு, ஒரே தரம், எங்கே வாங்கினாலும் ஒரே ருசி. வியாபாரம் பெருக அது அவசியம். விருதுநகர் மார்க்கெட் செய்ததும் ஒரு வகையில் அதுதான். ஆயிரம் விவசாயிகளின் வத்தலுக்கு ரகவாரியாக ஒரு விலை சொன்னது. ஆனால் மார்க்கெட் விலையோடு நின்றுகொண்டது. நீ எவ்வளவு காரம் சாப்பிட வேண்டும் என்று அது சொல்லவில்லை. பாக்கெட் அதையும் சொல்கிறது. கோயம்புத்தூருக்கும் கமுதிக்கும் நடுவே ஒரு சராசரி நாக்கைக் கற்பனை செய்து, அதற்கு அரைத்துத் தருகிறது. அப்படி ஒரு நாக்கு யாருக்குமே இல்லை என்பதுதான் சிக்கல். அதனால்தான் பாக்கெட் வாங்குகிறவர்களும் கொதிக்கிற குழம்பில் தனியாக ஒரு ஸ்பூன் மல்லியோ, சீரகமோ சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஒரு ஸ்பூன்தான் பழைய வீட்டுக் கணக்கில் மிஞ்சியிருப்பது.

நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முன் வந்த ஒரு வெளிநாட்டுக் காயை வீட்டுக்கு வீடு தனித்தனியாகப் பழக்கி, தன் மண்ணுக்கும் தொழிலுக்கும் வயிற்றுக்கும் ஏற்ப ஒரு அளவு கண்டுபிடித்தவர்கள் நம் பாட்டிகள். மார்க்கெட் விலை பேப்பரில் அச்சானது. மகமைக் கணக்கு பேரேட்டில் ஏறியது. இந்தக் கணக்கு மட்டும் எந்த நோட்டிலும் ஏறவில்லை. கேட்டால் "கண்ணளவுதான்" என்பார்கள். கண்ணளவு அந்தக் கண் மூடும்வரைதான் இருக்கும்.

மில்லுக்குப் போக நேரம் இல்லாமல் போகலாம், அது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் அடுத்த பங்குனியில் வீட்டில் யாராவது வத்தல் வாங்கினால், காம்பு கிள்ளக் கூட உட்கார்ந்து, எது எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காருங்கள், அது மட்டும் முக்கியம்!